அட்டையில் நிற்பவர்: பெங்களூர்ப் பட அஞ்சலட்டைகள் விட்டுச்சென்ற ஒரு கேள்வி

முன்பின் அறியாத ஒருவருக்கு, கடல் கடந்த ஒரு நாட்டுக்கு, ஓர் அஞ்சலட்டை அனுப்ப வேண்டும். எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது?

மிகச் சிறிய கேள்வியாகத்தான் இது தோன்றும். ஆனால் இதைத் தினமும் கேட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 2005இல் போர்ச்சுகலில் தொடங்கிய ‘போஸ்ட்கிராசிங்’ வழியாக இதுவரை 7 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் அந்நியர்களிடையே பயணம் செய்துள்ளன. சேர்ந்தவருக்கு ஒரு முகவரி தரப்படும். அது பின்லாந்தாக இருக்கலாம், தைவானாக இருக்கலாம். அனுப்பிய அட்டை போய்ச் சேர்ந்து பதிவானதும், அனுப்பியவரின் முகவரி உலகின் வேறு மூலையிலுள்ள இன்னொருவருக்குச் செல்லும். பெங்களூரிலும் இதில் ஆர்வம் கொண்டோர் உண்டு. கடையில் அட்டைகளைப் புரட்டும்போது அவர்கள் மனத்தில் எழும் தயக்கம் பெரும்பாலும் ஒன்றுதான்: இது பெறுபவரின் மனத்தைப் புண்படுத்துமா?

நல்ல தயக்கம்தான். ஆனால் அது பாதிக் கேள்வி. மறுபாதியை அறிய, இதே பெங்களூர் ஏறத்தாழ 120 ஆண்டுகளுக்கு முன் உலகுக்கு அனுப்பிய அட்டைகளைப் பார்க்க வேண்டும். ஓர் அட்டையில் பெறுபவர் ஒருவர் மட்டும் அந்நியர் அல்லர். படத்தில் நிற்கும் இன்னோர் அந்நியரும் இருக்கிறார். அவரை யாரும் கேட்டுக்கொண்டு நிறுத்தியதில்லை.

காலணா அட்டையிலிருந்து படம் வரை

1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உலகின் முதல் அரசு அஞ்சலட்டையை வெளியிட்டது. அது படமில்லாத வெற்று அட்டை. கடிதத்தைவிட மலிவானது; உறை இல்லாததால் மறைவும் இல்லாதது. இந்தியாவுக்கு அது 1879 ஜூலை 1 அன்று வந்தது. உள்நாட்டுக்குக் காலணா, வெளிநாட்டுக்கு ஒன்றரை அணா. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1876இல், இந்தியா சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. ஆகவே பெங்களூரில் போட்ட அட்டை லண்டனில் போய் விழுவதற்கு வழி ஏற்கெனவே திறந்திருந்தது.

1890களின் பிற்பகுதியில் இந்தியப் படங்கள் அச்சிட்ட அட்டைகள் புழக்கத்துக்கு வந்தன. தொடக்கத்தில் ஒரு பக்கம் முகவரிக்கு மட்டும் என்பது விதி. எழுத விரும்புவோர் படத்தின் ஓரத்து வெற்றிடத்தில் நெருக்கி எழுத வேண்டும். 1902இல் பிரிட்டன் இவ்விதியைத் தளர்த்தியது. முகவரிப் பக்கத்தை நடுவே ஒரு கோட்டால் பிரித்து, இடப்புறம் செய்தியும் வலப்புறம் முகவரியும் எழுதலாம் என்றது. பிற நாடுகளும் அடுத்தடுத்து அவ்வழியே சென்றன. அஞ்சல் விதியில் நேர்ந்த இந்தச் சிறு மாற்றம் ஒரு பெரிய விளைவைத் தந்தது. அட்டையின் மறுபக்கம் முழுவதும் படத்துக்கே உரியதாயிற்று. 1902 முதல் 1910 வரை பிரிட்டனின் அஞ்சல் வழியே மட்டும் ஏறக்குறைய 600 கோடி அட்டைகள் சென்றதாகக் கணக்கிடுகிறார்கள். வெகுதொலைவிலுள்ள ஒரு நாட்டை ஐரோப்பியச் சாதாரணக் குடும்பம் கண்ணால் கண்டது பெரிதும் இந்த அட்டைகளில்தான்.

இரண்டு பெங்களூர்கள்

அட்டைகள் காட்டிய பெங்களூரைப் புரிந்துகொள்ள, அந்நகரம் அன்று இரண்டாகப் பிரிந்திருந்ததை நினைவில் கொள்ள வேண்டும். கோட்டையும் ‘பேட்டை’யும் கொண்ட பழைய நகரம் ஒன்று. 1809இல் ஆங்கிலேயர் நிறுவிய இராணுவக் குடியிருப்பான ‘கண்டோன்மென்ட்’ மற்றொன்று. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்பியபோதும் கண்டோன்மென்ட் ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே நீடித்தது. 1947 வரை அந்நிலை மாறவில்லை. படையோடு வந்த சிப்பாய்களும் வணிகர்களும் சமையற்காரர்களும் ஆயாக்களும் கூலியாட்களும் அங்கே குடியேறினர். அவர்களில் தமிழ் பேசியவர்கள் மிகுதி. அல்சூரும், அன்று பிளாக்பள்ளி எனப்பட்ட சிவாஜிநகரும் இன்றுவரை அதற்குச் சான்று.

அட்டை வாங்கியவர்கள் பெரும்பாலும் கண்டோன்மென்டில் வாழ்ந்த ஐரோப்பியர்கள். சென்னையில் வேர்கொண்ட ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனம் 1905இல் பெங்களூரில் கடை திறந்தது. அது நின்ற தெரு அன்று சவுத் பரேடு. இன்று மகாத்மா காந்தி சாலை. புத்தகங்களோடு அது அட்டைகளையும் வெளியிட்டது. 1889இல் அடிக்கல் நாட்டப்பட்ட லால்பாக் கண்ணாடி மாளிகை, கப்பன் பூங்கா, தேவாலயங்கள், மரங்கள் நிழல் செய்யும் அகன்ற சாலைகள் ஆகியவை அட்டைகளில் இடம்பெற்றன. சாலைகளில் ஆள் நடமாட்டம் குறைவு. எல்லாம் ஒழுங்காகவும் அமைதியாகவும் தெரியும். பேட்டையைக் காட்டும் அட்டைகளில் நிலைமை வேறு. அங்கே நெரிசல், கடை, மாட்டுவண்டி. எழுதப்படாத ஓர் ஒப்பீட்டை அட்டைகள் சுமந்து சென்றன. ‘நாம் அமைத்த நகரம் இது, அவர்களுடையது அது.’

கட்டடத்துக்குச் சிறப்புப்பெயர், மனிதருக்குப் பொதுப்பெயர்

இவ்வட்டைகளின் அடியில் அச்சான சில சொற்களை இலக்கணக் கண்ணோடு பார்ப்பது பயன் தரும். தமிழ் இலக்கணம் பெயர்களைப் பொதுப்பெயர், சிறப்புப்பெயர் எனப் பிரிக்கும். மரம் என்பது பொது. வேம்பு என்பது சிறப்பு. பழைய அட்டைகளிலும் இந்தப் பிரிவினை துல்லியமாகச் செயல்படுகிறது. கட்டடம் என்றால் அதன் பெயர் இருக்கும். சாலை, பூங்கா, சிலை ஆகியவற்றுக்கும் பெயர் இருக்கும். மனிதர் என்றால், அதுவும் இந்தியர் என்றால், ‘தோபி’, ‘ஆயா’, ‘பட்லர்’, ‘நேட்டிவ் பெண்’ என்ற அளவோடு நின்றுவிடும். ஒரு வீட்டில் இருபது ஆண்டுகள் சமைத்தவராக இருந்தாலும் அட்டையில் அவர் ‘ஒரு சமையற்காரர்’தான்.

இது அட்டைத் தொழிலின் தனிக் குணம் அன்று. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்ற அரசு வெளியீடு, புகைப்படங்களின் துணையோடு மனிதர்களை இனமாகவும் சாதியாகவும் அடுக்கியது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தார். கே. ரங்காச்சாரியின் துணையோடு அவர் எழுதிய ‘தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்’ ஏழு தொகுதிகளாக 1909இல் வெளியாயிற்று. அந்தத் தொகுதிகளை வாங்க வசதி படைத்தோர் சிலர். அதே பார்வையைச் சில காசுகளுக்கு விற்றது அஞ்சலட்டை. ஆய்வுநூலில் ‘மாதிரி’யாக நின்ற மனிதர் அட்டையில் ‘வேடிக்கை’யாக நின்றார்.

படத்தின் நிறமும் அவருடையது அன்று. இந்தியாவைக் காட்டிய அட்டைகளில் பல ஜெர்மனியில் அச்சாயின. கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கப்பலேறிச் செல்லும். நிறம் அங்கே ஏற்றப்படும். ஒரு பெண்ணின் சேலை சிவப்பா பச்சையா என்பதை அவளைப் பார்த்திராத ஓர் அச்சகத் தொழிலாளி முடிவு செய்வார். 1914இல் போர் மூண்டு ஜெர்மனியுடனான வணிகம் அறுந்தபோது இத்தொழிலும் பெரிதும் தளர்ந்தது.

லண்டனில் திரும்பிப் பார்த்தபோது

2018இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் கல்விநிறுவனத்தைச் சேர்ந்த புரூனே அரங்கில், ஸ்டீபன் பட்னம் ஹியூஸ், எமிலி ரோஸ் ஸ்டீவன்சன் ஆகிய இருவரும் சென்னை, பெங்களூர் அட்டைகளைக் கொண்டு ஒரு கண்காட்சி அமைத்தனர். காலனிய இந்தியாவின் நகர வரலாற்றைப் பட அஞ்சலட்டைகளின் வழியே வாசிப்பது அதன் நோக்கம். எஜமானர் இல்லாத வேளையில் வேலைக்காரர் நாற்காலியில் சாய்ந்து, மேசைமேல் கால்நீட்டி, மது அருந்துவதாகக் காட்டும் நகைச்சுவை அட்டைகளும் அங்கே இடம்பெற்றன.

அந்த நகைச்சுவையைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். படத்தில் இருப்பவர் உண்மையில் அப்படிக் குடித்தாரா என்பது யாருக்கும் பொருட்டன்று. புகைப்படக்காரர் சொன்னபடி அவர் கால் நீட்டினார், கோப்பையை ஏந்தினார். பின்னர் அந்தப் படம் ‘நாங்கள் வெளியே போனால் இவர்கள் செய்வது இதுதான்’ என்ற சான்றாக இங்கிலாந்துக்குச் சென்றது. எஜமானரின் உள்ளூர அச்சம், வேலைக்காரரின் உடலைக்கொண்டு நடிக்கப்பட்டது. அதைப் பெற்ற உறவினர் சிரித்திருப்பார். யாரும் புண்படவில்லை. அதாவது, பெறுபவர் புண்படவில்லை.

சட்டத்தின் பார்வையும் அப்படியே இருந்தது. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், 20ஆம் பிரிவில், ஆபாசமான படங்களையும் அட்டைகளையும் அனுப்பக் கூடாது என்றது. அரசுக்கு எதிரானவை, மிரட்டுபவை, மிகவும் அருவருக்கத்தக்கவை எனக் கருதப்படும் சொற்களையும் குறிகளையும் அஞ்சற்பொருளின்மேல் தாங்கிவரக் கூடாது என்றது. 2023ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வரும்வரை இதுவே நாட்டின் விதி. ஆட்சியைக் காத்தது, பார்ப்பவரின் கண்ணைக் காத்தது. பார்க்கப்படுபவரைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

வேறு மண்ணிலும் இதே அட்டை

இது பெங்களூருக்கு மட்டும் உரிய கதையன்று. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர்கள் பெண்களை நிலையத்துக்கு அழைத்து, முக்காடு விலக்கி, அந்தப்புரக் காட்சிகளைச் செயற்கையாக அமைத்து அட்டைகளாக விற்றனர். அல்ஜீரிய எழுத்தாளர் மாலெக் அல்லூலா 1981இல் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்தார். அந்த நூலைச் சுற்றி எழுந்த விவாதம் இன்றும் தீரவில்லை. அநீதியை நிறுவுவதற்காக அப்படங்களை மறுபடி அச்சிடும்போது அப்பெண்கள் மறுபடியும் அந்நியர் கண்முன் நிறுத்தப்படுகிறார்கள் அல்லவா?

அமெரிக்காவில் நிலைமை இன்னும் கொடியது. கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொன்று, அந்த உடல்களோடு படம் எடுத்து, அதை அட்டையாக அச்சிட்டு உறவினருக்கு அனுப்பினார்கள். 1908இல் அஞ்சல் விதி திருத்தப்பட்டு, கொலைக்கும் வன்முறைக்கும் தூண்டுபவை தடை செய்யப்பட்ட பிறகும், உறைக்குள் இட்டு அனுப்புவது தொடர்ந்தது. அஞ்சலட்டையின் வரலாற்றில் இது ஒரு கடைக்கோடி. ஆனால் கால்நீட்டிய வேலைக்காரரின் அட்டையும் இதுவும் ஒரே வினாவில் சந்திக்கின்றன. படத்தில் இருப்பவர் நம்முள் ஒருவர் அல்லர் என்ற எண்ணம் இல்லாமல் இரண்டில் எதையும் ஒருவர் வாங்கியிருக்க முடியுமா?

எடுத்தவர் இந்தியராக இருந்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்பதும் சரியன்று. பம்பாய் ஓவியர் எம். வி. துரந்தர் நகரத்து மனிதர்களை நகைச்சுவை அட்டைகளாகத் தீட்டினார். அவற்றில் நகரத்தை அறிந்த ஒருவரின் நெருக்கம் தெரியும்; எனினும் வேலைக்காரி வேலைக்காரியாகத்தான் நின்றாள், பெயரோடு அன்று. அயலாரின் பார்வை போய் உள்ளூர் மேல்தட்டின் பார்வை வந்து அமர்வது எளிது.

இன்றைய தேர்வு

இனி, பெங்களூரில் இன்று அட்டை வாங்குபவரிடம் திரும்பலாம்.

பெறுபவரைக் குறித்த கவனம் தேவையற்றது என்று இதற்குப் பொருளில்லை. தீபாவளி வாழ்த்து அட்டையில் கோலத்தின் நடுவே ஸ்வஸ்திகம் இருப்பது இங்கே மங்கலம். அதே குறி ஜெர்மனியில் ஒரு வீட்டு அஞ்சற்பெட்டியில் விழும்போது வேறொரு நினைவைக் கிளப்பும். நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவது அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்படி தண்டனைக்குரியது. சமய வழக்கில் உள்ள ஸ்வஸ்திகம் வேறு என்பது உண்மைதான். ஆனால் அட்டையில் விளக்கம் எழுத இடம் கொஞ்சம்; திறந்தவுடன் கண்ணில் படுவது குறி மட்டுமே.

கடவுளர் படங்களிலும் இதுபோன்ற ஒரு முடிச்சு உண்டு. ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் லட்சுமியும் சரஸ்வதியும் பல வீடுகளில் பூசை அறைக்குள் சென்றவர்கள். அதே அச்சகத்தின் பெயரில் அட்டைகளும் வந்தன. ஆண்டு முடிந்த நாட்காட்டியிலுள்ள சாமி படத்தைக்கூடக் குப்பையில் போட மனம் வராத குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஏராளம். அப்படிப்பட்ட ஒருவர், சாமி படம் போட்ட அட்டையை அந்நியருக்கு அனுப்பிவிட்டு, அது எங்கே கிடக்கிறதோ என்று வருந்துவதில் பொருள் உண்டு. அட்டை கைவிட்டுப் போன பின் அதன் மரியாதை பெறுபவரின் கையில். எனவே இங்கே கேள்வி பெறுபவர் புண்படுவாரா என்பது மட்டுமன்று. அனுப்புபவர் எதைக் கைவிட ஒப்புகிறார் என்பதும்தான்.

ஆனால் பெறுபவரும் அனுப்புபவரும் ஒப்பினாலும் கணக்கு முடிவதில்லை. சுற்றுலாக் கடைகளில் இன்றும் கிடைக்கும் சில அட்டைகளைப் பாருங்கள். அழுக்குச் சட்டையோடு சிரிக்கும் சிறுவன். நீண்ட தாடியும் சடையுமாக ஒரு துறவி. சுமை தூக்கிச் செல்லும் கிழவி. ‘இந்திய முகங்கள்’ என்றோ ‘வண்ணமயமான இந்தியா’ என்றோ பொறித்திருக்கும். 1905இல் பொதுப்பெயர் வகித்த இடத்தில் இன்று பெயரே இல்லை. அச்சு முன்னேறியிருக்கிறது, இலக்கணம் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் மனிதர்களையே நீக்கிவிடலாமா? விடுதலைக்குப் பின் வந்த பெங்களூர் அட்டைகள் ஏறக்குறைய அதைத்தான் செய்தன. 1956இல் கட்டி முடிக்கப்பட்ட விதான சௌதா, லால்பாக், அரண்மனை ஆகியவற்றைப் பார்க்கிறோம். யாரும் புண்பட வழியில்லை. ஆனால் அங்கே யாருமே இல்லை. கண்டோன்மென்ட் சாலைகளை ஆளின்றிக் காட்டிய பழைய அட்டையிலிருந்து இது எவ்வளவு தூரம் விலகியது? விதான சௌதாவின் கல்லைச் செதுக்கியவர்களும், லால்பாக்கின் மண்ணைக் கொத்துபவர்களும், கிருஷ்ணராஜேந்திரா சந்தையில் விடியுமுன் பூ மூட்டை பிரிப்பவர்களும் சேர்ந்ததுதான் நகரம். கூச்சத்தின் பெயரால் அவர்களை அட்டையிலிருந்து வெளியேற்றுவது மரியாதையாகாது.

இடையில் ஒரு வழி இருக்கிறது. பூக்காரர் ஒருவரின் படம் அட்டையாகலாம். அவரிடம் கேட்டு, அவர் விரும்பிய விதத்தில் நின்று, அவர் இசைந்தால் அவர் பெயரோடு. சென்னபட்டணத்து மரப்பொம்மை அட்டையில் அதைக் கடைந்த கைவினைஞரின் பெயரும் ஊரும் இருக்கலாம். பெங்களூரின் பழைய தெருக்களையும் திரையரங்குகளையும் மனிதர்களையும் வரைந்த கேலிச்சித்திரக்காரர் பால் பெர்னாண்டஸின் படங்களில் நகைச்சுவை உண்டு. அந்தச் சிரிப்பு தன் ஊரைப் பார்த்துச் சிரிப்பது. வரைபவரும் அந்தக் கூட்டத்துக்குள்தான் நிற்கிறார். மேசைமேல் கால்நீட்ட வைக்கப்பட்ட வேலைக்காரரின் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கக் கோட்பாடு தேவையில்லை.

தேர்ந்தெடுப்பவருக்கு எளிய சோதனை ஒன்று போதும். கையிலிருக்கும் அட்டையை அந்நியருக்கு அனுப்புமுன், அதில் நிற்பவருக்கு அனுப்புவதாக எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் அதைப் பார்த்து, தம் வீட்டுச் சுவரில் மாட்டுவாரா? தம் பிள்ளைகளிடம் காட்டுவாரா? ‘ஆம்’ என்று தோன்றினால், பின்லாந்துக்கோ தைவானுக்கோ அந்த அட்டை தயங்காமல் போகலாம்.

சவுத் பரேடு கடையில் விற்ற பழைய அட்டைகள் இன்று சேகரிப்பாளர்களிடையே ஏலத்துக்கு வருகின்றன. பின்புறத்தில் அனுப்பியவரின் கையெழுத்து இருக்கிறது. பெற்றவரின் முகவரி இருக்கிறது. அஞ்சலகத்தின் முத்திரையும் தேதியும் இருக்கின்றன. அட்டையைத் தொட்ட எல்லாருக்கும் அதில் பெயரோ தடயமோ உண்டு. முன்புறத்தில் முழு உருவமாக நிற்பவருக்கு மட்டும் இல்லை. அவர் அல்சூரில் வாழ்ந்தவராக இருக்கலாம். தமிழ் பேசியவராக இருக்கலாம். உலகைச் சுற்றிவந்த தம் படம் ஒருமுறைகூட அவர் கைக்கு வந்திருக்காது.